நாளைக்கும் கை வேண்டும்: பேஸ்பாலில் ரிலீஃப் பிட்ச்சராகத் தொழிலில் நிலைப்பது எப்படி

ஆட்டம் முடிந்ததும் பாக்ஸ் ஸ்கோரில் (ஆட்டத்தின் புள்ளிவிவரப் பட்டியல்) உங்கள் பெயருக்கு நேரே ஒரு இன்னிங், 16 பந்து என்று இருக்கும். மதியம் கேட்ச் விளையாடியபோது எறிந்த 35, புல்பென்னில் (பிட்ச்சர்கள் காத்திருந்து சூடேற்றும் இடம்) சூடேற்றிய 22, மவுண்டில் (பந்து எறியும் மேடு) ஏறியதும் எறிந்த 8 எங்கும் எழுதப்பட்டிருக்காது. அன்றைய கணக்கு 81 என்பது கைக்கு மட்டும்தான் தெரியும். மறுநாளும் இதே கதை. அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் ஓர் அணியின் 162 ஆட்டங்களும் ஏறத்தாழ 187 நாட்களில் முடிந்துவிடும். அதில் ஒரு முழுநேர ரிலீவர் (ஆட்டத்தின் நடுவில் இன்னொரு பிட்ச்சருக்குப் பதிலாக எறிய வருபவர்) 60, 70 முறை மவுண்டில் ஏறுவார். சூடேற்றிவிட்டு அழைப்பு வராமல் உட்கார்ந்த நாட்கள் தனி.

இந்தத் தொழிலுக்குள் வேகத்தைக் காட்டி நுழைந்துவிடலாம். நிலைத்திருக்க வேண்டுமானால் நாளைக்கும் எறியக்கூடிய கை வேண்டும். கீழே சொல்லியிருக்கும் பயிற்சி, ஆட்டம், ஒப்பந்தம் எல்லாமே சுற்றிச்சுற்றி அந்தக் கணக்குக்குத்தான் வந்து நிற்கும். ஸ்ட்ரைக், அவுட், பேஸ் போன்ற அடிப்படைகள் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறோம்.

எப்படி வந்து சேர்கிறார்கள்

ஆரம்பத்திலிருந்தே ரிலீவராக வளர்ந்தவர்கள் குறைவு. ஸ்டார்ட்டராக (ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்ச்சர்) முயன்று, அது கைகூடாமல் புல்பென்னுக்கு வந்தவர்களே அதிகம். டென்னிஸ் எக்கர்ஸ்லி பன்னிரண்டு சீசன் ஸ்டார்ட்டராக இருந்தவர். 1987-ல் ஓக்லாண்டுக்கு மாறிய பிறகுதான் ரிலீவரானார். 1992-ல் 51 சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துக்கொடுப்பது) எடுத்து, சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது, மிகச் சிறந்த வீரருக்கான எம்.வி.பி. விருது இரண்டையும் அதே ஆண்டில் வாங்கினார். மரியானோ ரிவேரா 1995-ல் யாங்கீஸ் அணிக்கு ஸ்டார்ட்டராகத்தான் வந்தார். 2013-ல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 652 சேவ் இருந்தது. டிரெவர் ஹாஃப்மன் ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டராக ஒப்பந்தமானவர். கென்லி ஜான்சன் கேட்சர்.

மாறுவதற்கான அறிகுறிகள் இவை. மூன்றாவது பந்து வகை எத்தனை மாதம் உழைத்தும் வரவில்லை. முதல் சுற்றில் திணறும் பேட்டர்கள் இரண்டாம் சுற்றில் உங்களைப் படித்துவிடுகிறார்கள். நான்காவது இன்னிங்கில் வேகம் இரண்டு மைல் இறங்கிவிடுகிறது. ஆனால் ஒரே இன்னிங் என்று சொல்லி எறியவிட்டால், வழக்கமான வேகத்தைவிட ஒன்றிரண்டு மைல் கூடுகிறது. இவை நான்கும் சேர்ந்து தெரிந்தால் மாறிவிடுவது நல்லது. 19, 20 வயதில் அவசரப்பட வேண்டாம். ஸ்டார்ட்டராக ஒரு சீசனில் நூறு இன்னிங் எறிகிறவருக்கு சேஞ்சப்பை (ஃபாஸ்ட்பால் போலவே எறிந்து மெதுவாக வரும் பந்து) பழக இடம் கிடைக்கும்; ஒரு ரன் முன்னிலையில் எட்டாவது இன்னிங்குக்கு வருகிறவருக்கு ஒரு பந்தைச் சோதித்துப் பார்க்கக்கூட வழியில்லை.

கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளருக்கு இது எளிதாக வரும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. வராது. அங்கே முழங்கையை மடக்கி நீட்டி எறியக்கூடாது. ஓடிவந்த வேகம் தோள் வழியாகப் பந்துக்குப் போகிறது. இங்கே ஓட்டமே கிடையாது. பின்காலால் ரப்பரை (மவுண்டில் பதித்த பலகை) உந்தி, இடுப்பு முதலில் திரும்பி, மார்பு அதன் பின்னால் வந்து, கடைசியில் மடங்கிய முழங்கை சாட்டை போல விரிய வேண்டும். எல்லைக்கோட்டிலிருந்து ஃபீல்டர் எறிகிற எறிதான் இதற்கு நெருக்கம். இந்தியாவில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் 2008-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் செய்தது. இருவரும் மைனர் லீக் வரை எறிந்தார்கள். அதற்கு மேல் போகவில்லை.

இரண்டு பந்து போதும், இரண்டும் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும்

ரிலீவர் ஒரு பேட்டரை ஒரு ஆட்டத்தில் ஒருமுறைதான் பார்ப்பார். ஆகவே ஒரு ஃபாஸ்ட்பாலும், அதிலிருந்து எட்டுப் பத்து மைல் குறைவாக வந்து திசை மாறும் இன்னொரு பந்தும் போதும். மேஜர் லீக்கில் ஃபாஸ்ட்பாலின் சராசரி வேகம் இப்போது மணிக்கு 94 மைல் பக்கம்; ரிலீவர்களின் சராசரி அதைவிடச் சற்று மேல். 95 மைல் பந்து பிளேட்டை அடைய 0.4 விநாடிதான் ஆகும். ஆனால் 97 வரும், எங்கே போகும் என்று தெரியாது என்றால் அந்த வேகத்தால் பயனில்லை. நான்கைந்து பந்து பார்த்துவிட்டால் மேஜர் லீக் பேட்டர் 100 மைலையும் அடித்துவிடுவார்.

இரண்டாவது பந்து பெரும்பாலும் ஸ்லைடர். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒட்டிவைத்து, பந்தின் மையத்திலிருந்து வெளிப்பக்கம் தள்ளி, தையலின் மீது பதிய வையுங்கள். அழுத்தம் நடுவிரலில் இருக்கட்டும். எறியும்போது மணிக்கட்டைத் திருக வேண்டாம். ஃபாஸ்ட்பால் எறிவதுபோலவே எறிந்தால் பிடியே பந்தைச் சுழற்றிவிடும். புதியவர்கள் செய்யும் தவறு, கூடுதலாகத் திருப்ப ஆசைப்பட்டுக் கையைப் பந்தின் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போவது. அப்படி எறிந்தால் பந்து நடு உயரத்தில் சும்மா சுழன்றபடி நிற்கும். அதைத் ‘தொங்கிவிட்டது’ என்பார்கள். தொங்கிய ஸ்லைடர் பெரும்பாலும் பார்வையாளர் வரிசையில் போய் விழும்.

கட்டர் இதைவிடச் சின்ன மாற்றம். ஃபாஸ்ட்பால் பிடியிலேயே இரண்டு விரல்களையும் அரை விரல் அகலம் வெளியே நகர்த்தி, நடுவிரலில் அழுத்தம் கொடுப்பது. கடைசி சில அடிகளில் சில அங்குலம்தான் நகரும். அந்தச் சில அங்குலம் பேட்டின் கைப்பிடிப் பக்கத்தில் போய் மோதும். ரிவேரா 1997 முதல் பெரும்பாலும் இந்த ஒரே பந்தை வைத்துக்கொண்டுதான் எறிந்தார். வரப்போவது இன்னதென்று எதிரணி முழுவதற்கும் தெரியும். அப்படியும் பேட் உடைந்தது. புரூஸ் சட்டர் ஸ்பிளிட்டரை வைத்து வாழ்ந்தார்: தையலுக்கு வெளியே விரல்களை அகல விரித்துப் பிடிப்பதால் சுழற்சி குறைந்து, பந்து பிளேட்டருகே குழியில் விழுவதுபோல விழும். ஹாஃப்மனுக்கு சேஞ்சப். கை அமைப்புக்கு எது ஒத்துவருகிறதோ அது. சிறிய கை உள்ளவர் ஸ்பிளிட்டருக்காக விரலை இழுத்துப் பிடித்தால் முன்கை இறுகிப்போகும்.

இரண்டு பந்தும் ஒரே உயரத்தில், ஒரே இடத்தில் கையை விட்டுக் கிளம்ப வேண்டும். ஸ்லைடருக்கு மட்டும் கை இரண்டு அங்குலம் இறங்கினாலோ, பிடியைத் தேடும்போது கிளவ் சற்று விரிந்தாலோ, எதிரணியின் வீடியோ ஆட்கள் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். நல்ல ஸ்லைடரை பேட்டர்கள் அசையாமல் விடுகிறார்கள் என்றால், முதலில் கிளவ்வைப் பாருங்கள். பக்கவாட்டுக் கேமராவில் இருபது ஃபாஸ்ட்பால், இருபது ஸ்லைடர் பதிவுசெய்து, பந்து கிளம்பும் முன்பே நிறுத்தி, எது எதுவென்று இன்னொருவரைச் சொல்லச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் சரியாகச் சொன்னால் நீங்கள் காட்டிக்கொடுக்கிறீர்கள்.

மதியம் முதல் அழைப்பு மணி வரை

ஸ்டார்ட்டருக்கு எறியும் நாள் முன்கூட்டியே தெரியும். உங்களுக்கு அது தெரியும்போது ஆறு நிமிடம்கூட மிச்சமிருக்காது. எனவே உடல் பாதி சூட்டில் மணிக்கணக்காகக் காத்திருக்கக் கற்க வேண்டும்.

மதியக் கேட்சை 30, 40 எறியோடு முடியுங்கள். முந்தின நாள் எறிந்திருந்தால் 60, 75 அடிக்கு மேல் பின்னால் போக வேண்டாம். ஆட்டம் தொடங்கியதும் முதல் மூன்று இன்னிங் சும்மா உட்காரலாம். நான்காவதில் எழுந்து இடுப்பு, தொடைப் பின்தசை, முதுகு. ஐந்து, ஆறில் ரப்பர் பட்டையைக் கட்டித் தோள் சுழற்சிப் பயிற்சிகள், கனமான சிறு பந்துகளைச் சுவரில் எறிவது. இதற்குள் லேசாக வியர்த்திருக்க வேண்டும். இந்தப் பகுதியைச் சோம்பலில் விட்டவர்தான் தொலைபேசி அடித்ததும் முதல் பந்தையே முழு வேகத்தில் எறிகிறார்.

அழைப்பு வந்ததும் வரிசை இது:

1. கேட்சர் நின்றிருக்க, ஐந்தாறு எறி, பாதி வேகத்தில்.
2. கேட்சர் அமர்ந்ததும் ஃபாஸ்ட்பால் ஆறு: மூன்று கிளவ் பக்கம், மூன்று எறியும் கை பக்கம். ஒவ்வொன்றுக்கும் வேகத்தைக் கூட்டுங்கள்.
3. இரண்டாவது பந்து நான்கைந்து: முதலில் ஸ்ட்ரைக்குக்குள், பிறகு தரைக்கு.
4. கடைசி மூன்று நான்கை உண்மையான பேட்டரை மனத்தில் வைத்து, பேஸில் ஆள் இருப்பதுபோல எறியுங்கள்.

மொத்தம் 20 பக்கம். அவசரம் என்றால் 12-லும் தயாராக முடிய வேண்டும். எவ்வளவு குறைவில் தயாராகிறீர்கள் என்பதே சீசன் முழுக்கக் கையில் மிச்சமாகிறது. தயாரான பிறகும் அழைப்பு வரவில்லை என்றால் தொடர்ந்து எறிந்துகொண்டே இருக்க வேண்டாம். நிமிடத்துக்கு ஒன்று போதும். உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி எழுப்பினால், இரண்டாம் முறை எட்டுப் பத்து எறிகளே. மூன்றாம் முறை எழுப்பினால் அன்றைக்கு ஆட்டத்தில் இறங்காவிட்டாலும் நீங்கள் எறிந்தவர்தான். பிட்ச்சிங் கோச்சிடம் அதைச் சொல்ல வேண்டியது உங்கள் வேலை. மேனேஜர் பார்ப்பது பாக்ஸ் ஸ்கோரை. அதில் உங்கள் பெயரே இருக்காது.

மவுண்டில்

ஏறியதும் முதலில் மண்ணைப் பாருங்கள். மவுண்ட் பத்து அங்குல உயரம். ரப்பருக்கு ஆறு அங்குலம் முன்னாலிருந்து அடிக்கு ஒரு அங்குலம் என்று சரியும். இது விதி. விதியில் இல்லாதது, முன்னால் எறிந்தவர்கள் தோண்டிவைத்த குழி. உங்கள் முன்கால் அந்தக் குழியின் விளிம்பில் இறங்கினால் முழங்கால் ஆடும், பந்து மேலே போகும். ஷூவால் மண்ணைத் தள்ளி மிதித்து நிரப்புங்கள். தேவைப்பட்டால் ரப்பரில் நிற்கும் இடத்தை இரண்டு அங்குலம் மாற்றுங்கள். புல்பென் மவுண்டில் நன்றாக இருந்து, இங்கே வந்து முதல் நான்கு பந்தில் வாக் கொடுப்பவர்களில் பாதிப்பேருக்குப் பிரச்சினை காலடியில்தான்.

விதிகளில் நாலைந்தை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 2020 முதல், உள்ளே வந்த பிட்ச்சர் குறைந்தது மூன்று பேட்டரைச் சந்திக்க வேண்டும் அல்லது அந்தப் பாதி இன்னிங்கை முடிக்க வேண்டும். காயம், நோய் மட்டும் விலக்கு. ஒரே பேட்டரை வீழ்த்தி இன்னிங் முடிந்துவிட்டால் அவரை அத்தோடு மாற்றலாம். அடுத்த இன்னிங்குக்கு மறுபடி அனுப்பினாலோ, மூன்று பேர் கணக்கை நிரப்பியாக வேண்டும். ஒரு இடதுகை பேட்டருக்காக மட்டும் வந்துபோகும் இடதுகை வல்லுநரின் வேலையை இந்த விதிதான் முடித்துவைத்தது. 24 சீசன்களில் 1,252 ஆட்டம் என்ற சாதனையை வைத்திருக்கும் ஜெஸ்ஸி ஓரோஸ்கோ கடைசி ஆண்டுகளில் பெரும்பாலும் அப்படித்தான் பிழைத்தார். இன்று அந்தப் பாதை இல்லை. எதிர்க்கை பேட்டருக்கு எறிய ஒரு பந்து கட்டாயம்.

கடிகாரம்: பேஸ் காலியாக இருந்தால் 15 விநாடி, ஆள் இருந்தால் 18. அதற்குள் எறியத் தொடங்காவிட்டால் தானாக ஒரு பால். ஒரு பேட்டருக்கு இரண்டு முறைதான் ரப்பரை விட்டு விலகலாம் அல்லது பேஸுக்கு எறியலாம். மூன்றாவது முறை ரன்னரை அவுட் ஆக்கியே தீர வேண்டும், இல்லையென்றால் பாக் (ரன்னருக்கு ஒரு பேஸ் இலவசம்). இரண்டையும் செலவழித்துவிட்டீர்கள் என்றால் ரன்னருக்கும் அது தெரியும், ஓடுவார். இரண்டாவதைக் கடைசிவரை கையில் வைத்திருங்கள். அதைவிட முக்கியம், கிளம்பியதிலிருந்து பந்து பிளேட்டை அடைய 1.3 விநாடிக்குள் இருப்பது. கேட்சர் இரண்டாவது பேஸுக்கு எறிய ஏறக்குறைய 2 விநாடி எடுப்பார், 3.3-க்குள் மொத்தமும் முடிந்தால் பெரும்பாலான ரன்னர்கள் தயங்குவார்கள். 1.5 ஆனால் கேட்சரால் ஒன்றும் செய்ய முடியாது. பழி மட்டும் அவருக்கு. பேஸில் ஆள் இல்லாதபோதும் ரிலீவர்கள் சுருக்கமான ஸ்ட்ரெச் நிலையிலிருந்தே எறிவதற்கு இதுவும் ஒரு காரணம்: ஒரே அசைவை மட்டும் பராமரித்தால் போதும்.

கையில் ரோசின் தூள் தவிர வேறெதுவும் கூடாது. 2021 ஜூன் முதல் நடுவர்கள் கையையும் கிளவ்வையும் தொப்பியையும் சோதிக்கிறார்கள். பிசின் கண்டால் வெளியேற்றம், 10 ஆட்டத் தடை. அந்த நாட்களில் அணி உங்களுக்கு மாற்று ஆள் சேர்க்கவும் முடியாது. புல்பென்னில் மீதமுள்ள ஏழு பேர் உங்கள் வேலையையும் சுமப்பார்கள்.

இனி எறிவது. மூன்று ரன் முன்னிலை, ஒன்பதாவது இன்னிங், பேஸ் காலி: இங்கே ஹோம் ரன் ஒன்று போனால் போகட்டும், வாக் மட்டும் கூடாது. நடுவில் எறியுங்கள், அடிக்கட்டும். ஒரு ரன் முன்னிலை, மூன்றாவது பேஸில் ஆள், ஒரு அவுட்: இப்போது பந்து பேட்டில் பட்டாலே ஆபத்து. ஸ்ட்ரைக் அவுட் தேவை. இரண்டு ஸ்ட்ரைக் ஆனதும் ஸ்லைடரைத் தரைக்கு எறியும் துணிவு வேண்டும். அந்தத் துணிவு பாதி உங்களுடையது, பாதி பந்தை மார்பால் தடுக்கும் கேட்சருடையது. கேட்சர்மேல் நம்பிக்கையில்லாமல் அதே ஸ்லைடரை ஓரடி உயர்த்தி எறிகிறவர்தான் அடி வாங்குகிறார். கூடுதல் இன்னிங் என்றால் இரண்டாவது பேஸில் ஒருவரை வைத்தே தொடங்குவார்கள். முதல் பேட்டர் பன்ட் செய்யலாம் (பந்தை மெல்லத் தட்டிவிடலாம்); எறிந்துவிட்டு மூன்றாவது பேஸ் பக்கம் இறங்கத் தயாராக இருங்கள்.

கவுண்ட்களில் ஒன்றுக்கு ஒன்று (ஒரு பால், ஒரு ஸ்ட்ரைக்) என்பதே திருப்பம். அடுத்தது ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் உங்கள் பையில். பால் ஆனால் நீங்கள் அவர் பையில். உங்களிடம் இருக்கும் பந்தில் எதை அதிக முறை ஸ்ட்ரைக்காக எறிய முடிகிறதோ, அதை இங்கே எறியுங்கள். பெருமைக்குரிய பந்தை அடுத்ததற்கு வைத்துக்கொள்ளலாம்.

கையின் கணக்குப் புத்தகம்

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, மதிய எறி, புல்பென் எறி, எத்தனை முறை எழுந்தீர்கள், ஆட்டப் பந்து, மறுநாள் காலையில் கை எப்படி என்பதற்கு ஒன்று முதல் ஐந்து வரை ஒரு மதிப்பெண். ஆறு பத்தி. அணியிடம் கருவிகளும் தரவும் இருக்கும். இருந்தாலும் இந்த நோட்டு உங்களுடையது.

பொதுவாகப் புழங்கும் வரம்பு: ஆட்டத்தில் 15 பந்துக்குள் முடிந்தால் மறுநாளும் எறியலாம், 25-ஐத் தாண்டினால் ஒரு நாள், 35-ஐத் தாண்டினால் இரண்டு நாள். இரண்டு நாள் தொடர்ந்து எறிந்தால் மூன்றாம் நாள் ஓய்வு. 1974-ல் மைக் மார்ஷல் 106 ஆட்டங்களில் 208 இன்னிங்குக்கு மேல் ரிலீஃபில் எறிந்து சை யங் வாங்கினார். அதை வியக்கலாம், பின்பற்ற முயல வேண்டாம்.

எடைப் பயிற்சியை எறிந்த இரவே முடித்துவிடுங்கள், ஆட்டம் முடிந்த கையோடு. மறுநாள் காலைக்குத் தள்ளிப்போட்டால் அன்று இரவு கால் கனக்கும், கால் கனத்தால் கை முந்திக்கொண்டு வேலை செய்யும்.

எச்சரிக்கை அறிகுறிகளில் வலி கடைசியாக வருவது. அதற்கு முன்பே வேகம் ஒன்றரை மைல் இறங்கியிருக்கும், கை கிளம்பும் உயரம் தாழ்ந்திருக்கும், கிளவ் பக்கம் குறிவைத்த ஃபாஸ்ட்பால் கை பக்கமே நழுவும். முழங்கைக்குக் கீழே முன்கையின் உட்புறத்தில் இறுக்கம் இரண்டு நாளுக்கு மேல் நின்றால் அதைத் தசைப்பிடிப்பு என்று தள்ளிவிட வேண்டாம். உட்பக்கத் தசைநார் தேயும்போது அதன் சுமையை அந்தத் தசைகள் வாங்குகின்றன. இறுக்கம் அதனால் வருகிறது. தசைநார் அறுந்தால் டாமி ஜான் அறுவை சிகிச்சை. 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதலில் செய்தது. உடலின் வேறிடத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்து முழங்கையில் கோத்துக் கட்டுவார்கள். மீண்டும் மவுண்டுக்கு வர 12 முதல் 18 மாதம்.

வலியை மறைப்பதால் வரும் பண நட்டத்தைப் பலர் கணக்கிடுவதில்லை. மேஜர் லீக் பட்டியலில் இருக்கும்போது காயம் பதிவானால் சம்பளமும் சேவை நாட்களும் (மேஜர் லீக்கில் இருந்ததாக எண்ணப்படும் நாட்கள்) ஓடிக்கொண்டே இருக்கும். காயப்பட்டவரை மைனர் லீக்குக்கு அனுப்பவும் முடியாது. மறைத்து எறிந்து, மோசமாக எறிந்து, மைனர் லீக்குக்கு அனுப்பப்பட்ட பிறகு அங்கே அறுந்தால், அந்தப் பதினெட்டு மாதமும் மேஜர் லீக் நாளாக எண்ணப்படாது.

உங்களை அளக்கும் எண்கள்

சேவ் என்பது சிகாகோவின் விளையாட்டுச் செய்தியாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் உருவாக்கியது, 1969-ல் அதிகாரபூர்வமானது. வென்ற அணியின் கடைசிப் பிட்ச்சராக இருக்க வேண்டும், வெற்றி உங்கள் பெயரில் எழுதப்பட்டிருக்கக் கூடாது, ஒரு அவுட்டாவது எடுத்திருக்க வேண்டும். அதோடு இந்த மூன்றில் ஒன்று: மூன்று ரன்னுக்கு மேற்படாத முன்னிலையில் வந்து முழு இன்னிங் எறிவது, சமன் செய்யக்கூடிய ஆள் பேஸிலோ பேட்டிங்கிலோ அடுத்து வரக் காத்தோ இருக்கும்போது வருவது, அல்லது மூன்று இன்னிங் எறிவது.

ரிலீவரின் ஈ.ஆர்.ஏ.வை (ஒன்பது இன்னிங்குக்குச் சராசரியாகக் கொடுத்த ரன்) நம்பாதீர்கள், நல்லதாக இருந்தாலும்கூட. 60 இன்னிங்கில் 20 ரன் என்றால் 3.00. ஒரே ஒரு இரவு, மூன்றில் ஒரு இன்னிங்கில் ஆறு ரன் போனால் அது 3.88. ஒரு மாலை முழு ஆண்டையும் கெடுத்துவிடும். எதிர்த்திசையில் ஒரு மோசடியும் உண்டு: நீங்கள் வரும்போது பேஸில் இருந்தவர்கள் ரன் எடுத்தால் அது முன்னால் எறிந்தவர் கணக்கில் போகும். அப்படி மூன்று பேரை ரன் எடுக்கவிட்டும் உங்கள் ஈ.ஆர்.ஏ. பளபளப்பாக இருக்கலாம். அணிகள் இதைத் தனியாக எண்ணுகின்றன. அவர்கள் முதலில் பார்ப்பது ஸ்ட்ரைக் அவுட் சதவீதத்தில் வாக் சதவீதத்தைக் கழித்தால் வருவது. லீகின் சராசரி 14 பக்கம். 20-ஐத் தாண்டி நிற்பவருக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும்.

சம்பள நடுவர் மன்றத்தில் மட்டும் இன்னும் சேவ்தான் பேசுகிறது. அங்கே வீரர் கேட்பது, அணி தருவது என இரண்டு எண். மன்றம் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கும், நடுவில் வெட்டாது. மூன்று ஆண்டு தொடர்ந்து ஆல்-ஸ்டாரான டெலின் பெட்டான்செஸ் 2017-ல் 50 லட்சம் டாலர் கேட்டார். குளோசராக (கடைசி இன்னிங்கை முடித்துச் சேவ் எடுப்பவர்) இருந்தவர் அல்ல என்று யாங்கீஸ் வாதிட்டது. கிடைத்தது 30 லட்சம். எட்டாவது இன்னிங்கில் கடினமான வேலை செய்கிறவருக்கு ஒன்பதாவது இன்னிங்கில் எளிய வேலை செய்கிறவரைவிடக் குறைவு என்பது அபத்தம்தான். ஆனாலும் ஒப்பந்தப் பேச்சுக்கு முன் இந்த அபத்தம் தெரிந்திருக்க வேண்டும்.

காகிதத்தில் இருக்கும் தொழில்

26 பேர் பட்டியலில் பிட்ச்சர்கள் 13-ஐத் தாண்டக் கூடாது. ஐந்து ஸ்டார்ட்டர் போக எட்டு ரிலீவர். அந்த எட்டில் கடைசி இருவர் யார் என்பதைத் திறமையைவிட அடிக்கடி முடிவுசெய்வது, யாரிடம் ஆப்ஷன் (மற்ற அணிகளுக்கு வாய்ப்புக் கொடுக்காமலே மைனர் லீக்குக்கு அனுப்பும் உரிமை) மிச்சம் இருக்கிறது என்பது.

40 பேர் பட்டியலில் சேர்ந்ததும் பொதுவாக மூன்று ஆப்ஷன் ஆண்டுகள். ஒரு சீசனில் மொத்தம் 20 நாளாவது மைனர் லீக்குக்கு அனுப்பப்பட்டிருந்தால் ஓர் ஆண்டு கழியும். அனுப்பப்பட்ட பிட்ச்சரை, வேறொருவர் காயமடைந்தால் தவிர, 15 நாளுக்கு முன் திரும்ப அழைக்க முடியாது. ஒரே சீசனில் ஐந்து முறைக்கு மேல் அனுப்பவும் முடியாது. ஆப்ஷன் இருக்கும் ரிலீவர் நேற்று 40 பந்து எறிந்துவிட்டால், இன்று காலை அவரை அனுப்பிவிட்டுப் புதுக் கையை வரவழைப்பார்கள். அது தண்டனை இல்லை, கணக்கு. இதைத் தெரிந்துகொண்டு, வாடகை வீட்டை மாத ஒப்பந்தத்தில் எடுங்கள், இரண்டு ஊருக்கும் ஒரு பெட்டி தயாராக வையுங்கள். ஆப்ஷன் தீர்ந்த பிறகு உங்களை இறக்க வேண்டுமானால் மற்ற அணிகள் எடுத்துக்கொள்ள வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும். அப்போதுதான் பேரம் பேசும் பலம் கொஞ்சம் உங்கள் பக்கம் வரும்.

172 சேவை நாள் ஓர் ஆண்டு. மூன்று ஆண்டானால் சம்பள நடுவர் உரிமை, ஆறு ஆண்டானால் எந்த அணியோடும் ஒப்பந்தம் போடும் சுதந்திரம். அதுவரை பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான்: 2022-ல் 7 லட்சம் டாலர், 2026-ல் 7 லட்சத்து 80 ஆயிரம். அதை நாள் கணக்கில் பிரித்துத் தருவார்கள் என்பதால் மேலே இருக்கும் ஒவ்வொரு நாளும் காசு. கீழே மைனர் லீக்கின் மேல்தட்டான டிரிப்பிள்-ஏ மட்டத்தில் 2023 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 35,800 டாலர். வித்தியாசம் சொல்லாமலே விளங்கும். ஓய்வூதியத் தகுதிக்கு 43 நாள். 40 நாளில் நிற்கிறவர் செப்டம்பரில் தன் ஏஜெண்ட் மூலம் அணியிடம் பேசுவதில் தப்பில்லை.

உச்சியில் இருப்பவர்களின் தொகை வேறு உலகம். எட்வின் டியாஸ் 2022 இறுதியில் ஐந்து ஆண்டுக்கு 10 கோடியே 20 லட்சம் டாலருக்கு ஒப்பந்தமானார். ஜாஷ் ஹேடருக்கு 2024-ல் ஐந்து ஆண்டுக்கு 9 கோடியே 50 லட்சம். டியாஸ் 2023 மார்ச்சில் ஒரு வெற்றியைக் கொண்டாடக் குதித்தபோது முழங்கால் தசைநாண் அறுந்து அந்தச் சீசன் முழுக்க உட்கார்ந்தார். உத்தரவாத ஒப்பந்தத்தின் மதிப்பு அப்போது தெரியும். நீண்ட ஆண்டும் குறைந்த தொகையுமா, ஒரே ஆண்டும் பெரிய தொகையுமா என்று வந்தால், ரிலீவர் பெரும்பாலும் ஆண்டுகளையே வாங்க வேண்டும்.

முப்பதைத் தாண்டியபின்

வேகம் இறங்கும். 96 வந்த இடத்தில் 93 வரும்போது அதை இன்னும் பலமாக எறிந்து ஈடுகட்டப் பார்ப்பது முதல் தவறு. ஃபாஸ்ட்பாலை முதல் பந்தாக எறியும் பழக்கத்தை மாற்றி, ஸ்லைடரில் தொடங்கி, ஃபாஸ்ட்பாலை உயரத்தில் ஆச்சரியமாக எறியக் கற்றுக்கொண்டவர்கள் இன்னும் நான்கைந்து ஆண்டு நின்றிருக்கிறார்கள். இதைச் செய்ய வேண்டியது வேகம் இறங்கிய ஆண்டில் இல்லை, அதற்கு இரண்டு குளிர்காலம் முன்பே. ஜப்பானுக்குப் போவதும் ஒரு வழி. அங்கே பந்து பெட்டியிலிருந்து எடுக்கும்போதே சற்று ஒட்டும், பிடிக்க எளிது. ஆனால் சூடேற்றும்போது அதிகம் எறிய எதிர்பார்ப்பார்கள். ஒப்பந்தம் போடும்முன் அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேயே தொடர்வதென்றால் மைனர் லீக் ஒப்பந்தமும் வசந்தப் பயிற்சி முகாமுக்கு அழைப்பும் கிடைக்கும். ஆறு ஆண்டு சேவை முடித்து, முந்தின சீசனை மேஜர் லீக் பட்டியலில் முடித்தவருக்கு வெளியேறும் தேதிகள் விதியிலேயே உண்டு: தொடக்க நாளுக்கு ஐந்து நாள் முன், மே 1, ஜூன் 1. மற்றவர்கள் இதே தேதிகளை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும், வாய்வார்த்தை செல்லாது. முகாமில் மார்ச் முதல் வாரமே முழு வேகத்தில் எறிய வேண்டியிருக்கும், இடம் உறுதியானவர்கள் அப்போது மெதுவாக ஏறிக்கொண்டிருப்பார்கள். ஆகவே உங்கள் குளிர்கால எறிதல் அவர்களுடையதைவிட மூன்று வாரம் முன்னதாகத் தொடங்கட்டும். புது அணியின் பிட்ச்சிங் கோச்சுக்கும் பயிற்சியாளர்களுக்கும் உங்கள் கையைத் தெரியாது. முதல் நாளே அந்த நோட்டின் கடந்த இரண்டு ஆண்டுப் பக்கங்களைப் படியெடுத்துக் கொடுங்கள்: எத்தனை எறிந்த மறுநாள் மதிப்பெண் நான்கு, எத்தனை எறிந்த மறுநாள் இரண்டு என்று.